முழு விலை கொடுக்காமல் பிஎஸ்5 கேம் வாங்குவது: சில வருட அனுபவம்

பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) காலத்தில் சோனியின் சொந்த கேம் ஒன்று புதிதாக வந்தால் 3,999 ரூபாய். பிஎஸ்5 வந்ததும் அதுவே 4,999 ஆனது. சம்பளம் வாங்கும் ஆளுக்கே மாசம் ஒரு கேம் என்றால் கையைக் கடிக்கும், காலேஜ் பசங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் இத்தனை வருடத்தில் வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கிய கேம்கள் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் செகண்ட் ஹேண்ட் டிஸ்க், பிளேஸ்டேஷன் ஆன்லைன் ஸ்டோரின் சேல், பணம் கட்டும் வரை கேம்கள் கிடைக்கும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா என்று ஏதாவது ஒரு வழியில் வந்தவைதான். சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறேன், ஆனால் இதில் பெரும்பகுதி மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. வாங்கிய விலையிலிருந்து திரும்ப விற்கும் விலையைக் கழித்தால் என்ன வருகிறதோ, அதைத்தான் நான் ஒரு கேமின் விலையாக எடுத்துக்கொள்கிறேன். செகண்ட் ஹேண்டில் 1,800க்கு ஒரு டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு 1,500க்குக் கொடுத்தால் செலவு 300 ரூபாய். அதே கேம் ஆன்லைன் ஸ்டோரில் 60 சதவீதத் தள்ளுபடியில் 2,000க்கு வரும்போது பெரிய ஆஃபர் மாதிரி தெரியும், ஆனால் அந்த 2,000 போனது போனதுதான், விளையாடி முடித்த பிறகு யாருக்கும் விற்க முடியாது. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, டிஸ்க் போட இடமே இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் எடுத்த நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஏழெட்டு கேம் விளையாடுகிற ஆளாக இருந்தால் டிஸ்க் மாடல் அந்தப் பத்தாயிரத்தை இரண்டு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது என் அனுபவம். இன்னும் கன்சோலே வாங்காதவர்கள் இதை ஒரு தரம் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, செகண்ட் ஹேண்ட் டிஸ்க். நான் அதிகம் போவது அண்ணா சாலையை ஒட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான், ஓஎல்எக்ஸிலும் நிறைய வாங்கியிருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதல் கடையில் சொல்லும் விலைக்கே வாங்கக் கூடாது, ஒரே டிஸ்குக்கு நான்கு கடை தள்ளி முந்நூறு நானூறு ரூபாய் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு டிஸ்கைக் கையில் கொண்டுபோனால் பேரம் இன்னும் நன்றாக நடக்கும், கடைக்காரருக்கும் சரக்கு வேண்டுமே. "அண்ணா, இதை எடுத்துக்கிட்டு அதுக்கு எவ்வளவு மேல போடணும்?" என்று மொத்தமாகக் கேளுங்கள். தனியாக விற்று தனியாக வாங்கினால் இரண்டு பக்கமும் அவர் லாபம் வைப்பார்.

டிஸ்கைப் பார்த்து வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கேஸைத் திறந்து, டிஸ்கின் ஓரத்தை மட்டும் பிடித்து வெளியே எடுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும் டிஸ்கில் சாய்த்தால்தான் கோடுகள் தெரியும். மெல்லிய மயிரிழைக் கோடுகள் பிரச்சனை இல்லை, ப்ளூரே டிஸ்கின் மேல் கெட்டியான பூச்சு இருப்பதால் அது நிறையத் தாங்கும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறலைக்கூடப் பெரும்பாலும் படித்துவிடும். வட்டமாக, டிஸ்க் சுற்றும் திசையிலேயே ஓடும் ஆழமான கீறல் இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பாலிஷ் போட்டா சரியாயிடும் தம்பி" என்று சொல்வார்கள். சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தது, அதனால் தேய்க்க இடம் இருந்தது. ப்ளூரேயில் அது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதைப் போய்த் தேய்த்தால் பூச்சும் போய் டிஸ்கும் போய்விடும். அப்புறம் நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், கேஸிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிப் பழகியவர்களின் டிஸ்கில் இது இருக்கும்.

அடுத்தது, கேஸுக்குள் எல்லாம் இருக்கிறதா என்பது. பிஎஸ்4ல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் எல்லாம் இரண்டு டிஸ்க். ஒன்று இன்ஸ்டால் செய்ய, இன்னொன்று போட்டு விளையாட. ஒரு டிஸ்கை மட்டும் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு விற்பனையாளர் எனக்கே அப்படி கூரியரில் அனுப்பிவிட்டு அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. அதிலிருந்து திறந்த டிஸ்கின் போட்டோ கேட்காமல் வெளியூர் ஆளுக்குப் பணம் அனுப்புவதில்லை. இன்னொன்று வவுச்சர் கோடு. ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொரேல்ஸ் அல்டிமேட் எடிஷனில் ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் டிஸ்கில் கிடையாது, உள்ளே இருக்கும் காகிதத்தில் உள்ள கோடில்தான் இருக்கிறது. முதல் ஆள் அதைப் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்கு வருவது மைல்ஸ் மொரேல்ஸ் மட்டும்தான், அதற்கு அல்டிமேட் விலை கொடுக்காதீர்கள். ஹொரைசன் ஸீரோ டான் கம்ப்ளீட் எடிஷன் மாதிரி எக்ஸ்பான்ஷனும் (பின்னால் வந்த கூடுதல் கதையும்) டிஸ்கிலேயே இருக்கும் பதிப்புகள்தான் செகண்ட் ஹேண்டுக்கு உத்தமம். வெளிநாட்டிலிருந்து வந்த டிஸ்க் என்றால் கேம் ஓடும், ஆனால் பின்னால் டிஎல்சி (ஸ்டோரில் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்க நினைத்தால் டிஸ்கின் ரீஜனும் உங்கள் அக்கவுண்டின் ரீஜனும் ஒத்துப்போக வேண்டும். நெட் வேகம் குறைவான வீடாக இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாடர்ன் வார்ஃபேர் 2 (2022ல் வந்தது) பிஎஸ்5 டிஸ்கில் இருந்தது 70 எம்பி சொச்சம்தான், மொத்த கேமையும் டவுன்லோடு செய்துதான் விளையாட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பிஎஸ்4 டிஸ்கை வாங்கி பிஎஸ்5ல் அப்கிரேடு செய்வது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் பிஎஸ்4 பதிப்புக்கு பிஎஸ்5 அப்கிரேடு இலவசம். முதலில் தர மாட்டோம் என்றுதான் சொன்னார்கள், 2021 செப்டம்பரில் ரசிகர்கள் கொதித்ததும் இறங்கி வந்தார்கள். சைபர்பங்க் 2077, விட்சர் 3 இரண்டுக்கும் 2022ல் வந்த பிஎஸ்5 பதிப்பு பிஎஸ்4 டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். காட் ஆஃப் வார் ராக்னராக், கிரான் டூரிஸ்மோ 7 போன்றவற்றுக்கு பத்து டாலர் கணக்கில் ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும். கடைக்காரர்கள் பிஎஸ்4 டிஸ்க் என்றாலே விலையைக் குறைத்துத்தான் வைக்கிறார்கள், சைபர்பங்க் பிஎஸ்4 டிஸ்கெல்லாம் ஒரு சமயம் கேட்பாரற்றுக் கிடந்தது. வாங்கிப் போட்டு அப்கிரேடு செய்தால் உங்கள் டிவியில் ஓடுவது முழு பிஎஸ்5 பதிப்பு. விளையாடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல்காரர்களுக்கு இது நடக்காது.

எந்த கேம் எப்போது விலை குறையும் என்பதற்கு ஒரு சுபாவம் இருக்கிறது. யூபிசாஃப்ட் கேம்கள் சீக்கிரம் இறங்கிவிடும், அசாசின்ஸ் கிரீட் எதையும் வெளியான மாதத்தில் வாங்க வேண்டியதே இல்லை. ஸ்போர்ட்ஸ் கேம்கள் அதைவிட மோசம். ஈஏ எஃப்சி (முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்த கால்பந்து கேம்) அடுத்த பதிப்பு செப்டம்பரில் வந்ததும் பழைய டிஸ்கைக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். ஃபிஃபா 22, 2022 மே மாதமும் ஈஏ எஃப்சி 24, 2024 மே மாதமும் பிளஸ் சந்தாவிலேயே வந்துவிட்டன, ஆன்லைனில் தினமும் விளையாடுபவர்களைத் தவிர மற்றவர்கள் காத்திருக்கலாம். எல்டன் ரிங் மாதிரியானவை மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அதனாலேயே அந்த டிஸ்க்குகளுக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம், முழு விலைக்குப் பக்கத்தில் வாங்கினாலும் பெரிய நஷ்டம் வராது. நின்டென்டோ பக்கம் கதையே வேறு, இந்தியாவில் அதிகாரபூர்வ ஸ்டோர்கூட இல்லை, மரியோவும் செல்டாவும் வருடக்கணக்கில் அதே விலையில் நிற்கும்.

டிஜிட்டலில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழுக்கள் செய்யும் இண்டி கேம்கள் பல டிஸ்கில் வருவதே இல்லை, பழைய பெரிய கேம்கள் ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே போய்விட்டால் டிஸ்க் தேடி அலைவதற்கு பெட்ரோல் செலவே அதிகம். ஸ்டோரில் புதன்கிழமைகளில்தான் பெரும்பாலும் புது சேல் தொடங்கும். மே கடைசி, ஜூன் வாக்கில் டேஸ் ஆஃப் பிளே, நவம்பரில் பிளாக் ஃப்ரைடே, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ஒரு நீண்ட சேல் என்று வருடத்துக்குச் சில பெரிய சேல்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் பிஎஸ் டீல்ஸ், பிஎஸ் பிரைசஸ் மாதிரி தளங்களில் இந்திய ஸ்டோரைத் தேர்ந்தெடுத்து அந்த கேமின் பழைய விலைகளைப் பாருங்கள். இதுவரை இல்லாத குறைந்த விலையா, வழக்கமாக வரும் அதே ஐம்பது சதவீதமா என்று அங்கே தெளிவாகத் தெரியும். வழக்கமான விலை என்றால் அவசரமே இல்லை, சில மாதத்தில் மறுபடி வரும். தெரியாமல் வாங்கிவிட்டால் டவுன்லோடு தொடங்காத வரைக்கும் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதனால் ஆட்டோ டவுன்லோடை அணைத்து வைத்திருப்பது நல்லது.

பிளஸ் சந்தாவில் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று மூன்று இந்தியாவில் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் 12 மாத விலையை உலகம் முழுக்க ஏற்றிவிட்டார்கள், அதனால் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி தவிர வேறு நேரத்தில் வருடச் சந்தா எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நிறைய கேம்கள் கொண்ட ஒரு தொகுப்பே சேர்ந்து வரும் எக்ஸ்ட்ரா எனக்குக் கட்டுப்படியாகிறது. ஸ்ட்ரே 2022 ஜூலையில் வெளியான அன்றே அதில் வந்தது. சோனியின் பெரிய கேம்கள் தாமதமாக வரும்: ஃபர்பிடன் வெஸ்ட் ஒரு வருடம் கழித்து, ராக்னராக் இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 2025 ஜனவரியில். டீலக்ஸுக்கென்று கூடுதல் பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் "புது கேம் 700 ரூபாய், பிரைமரி செகண்டரி" என்று விற்கிறார்களே, அவர்கள் விற்பது கேம் இல்லை, இன்னொருவர் பெயரில் உள்ள அக்கவுண்டின் பாஸ்வேர்டு. அவர் பாஸ்வேர்டை மாற்றினால் உங்கள் கேம் போச்சு, சோனி பிடித்தால் அக்கவுண்டே போச்சு. தம்பிகள் இதில் பணத்தை விட்டுவிட்டு வந்து சொல்லும்போது வயிறு எரிகிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், அதே 700க்கு நல்ல செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கிடைக்கும்.

விற்பதைப் பற்றி மறக்காமல் ஒன்று. கதை கேம் என்றால் முடித்த வாரமே விற்றுவிடுங்கள், அலமாரியில் வைத்தால் மாதாமாதம் விலை இறங்கும். முக்கியமாக ஒரு கேம் எக்ஸ்ட்ராவில் வரப்போகிறது என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே கைமாற்றிவிட வேண்டும், அறிவிப்பு வந்த மறுநாளே ரிச்சி ஸ்ட்ரீட் வரை செய்தி போய்விடும். ஓஎல்எக்ஸில் போட்டால் கடையைவிட நல்ல விலை வரும். டிஸ்கின் அடிப்பக்கத்தையும் சேர்த்து போட்டோ போடுங்கள், மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நேரில் கொடுத்து, ஜிபே சத்தம் கேட்ட பிறகு டிஸ்கை நீட்டுங்கள்.