கூட்டுக்குடும்பமா, தனிக்குடித்தனமா? டென்சோவும் போஷும்

கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் யாரைச் சார்ந்து நிற்கிறது என்பதற்கு ஜப்பானின் டென்சோ, ஜெர்மனியின் போஷ் ஆகிய இந்த இரண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டென்சோ 1949-இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்தது. பிரிந்தாலும் வீடு அதேதான். டொயோட்டா இன்றும் பெரிய பங்குதாரர். விற்பனையில் ஏறக்குறைய பாதி அந்தக் குழுமத்துக்கே போகிறது. புதிய மாடல் காகிதத்தில் இருக்கும்போதே டென்சோ பொறியாளர்கள் அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆர்டர் பற்றிய கவலை குறைவு. ஆனால் டொயோட்டாவின் ஆலைகள் நின்றால் டென்சோவுக்கும் அடி விழும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் ஒட்டிய பல பார்கோடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் அலுத்துப்போனார்கள். அதற்குத் தீர்வாக 1994-இல் டென்சோவில் பிறந்ததுதான் இன்று நாம் டீக்கடையில் பணம் கட்டும் கியூஆர் கோடு!

சரி, போஷ்? 1886-இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கியது. பெரும்பான்மைப் பங்கு அறக்கட்டளையிடம் இருக்கிறது. எந்தக் கார் நிறுவனமும் அதற்கு முதலாளி இல்லை. திடீரென பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்த போஷின் ஏபிஎஸ், அப்புறம் போட்டி நிறுவனங்களின் கார்களுக்கும் போனது. ஒருவர் விலையை நெருக்கினால் அடுத்தவரிடம் விற்கலாம். எனக்கு இந்தப் பேரம் பேசும் பலம்தான் பெரிதாகப் படுகிறது. ஆனால் ஆராய்ச்சிச் செலவை அதுவே சுமக்க வேண்டும். மின்கார் மாற்றத்தில் ஆர்டர் குறைந்தால் தாங்கிப்பிடிக்கத் தாய்வீடும் கிடையாது.