சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்தேன், 18,500 ரூபாய் போச்சு

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம், மூச்சு விட நேரமில்லை, அப்போதுதான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை. 'டிரோஜன்' என்று வைரஸ் பெயரைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையைக் கூப்பிட்டேன்.

வந்தவர் திரையைப் பார்த்தது அரை நிமிடம் இருக்காது. "அண்ணே, மூணு சிஸ்டத்துலயும் பரவியிருச்சு, ஃபார்மட் பண்ணலன்னா பேங்க் வரைக்கும் போயிரும்" என்றார். டேட்டா என்ன ஆகும் என்று கேட்டேன். "அதை எடுத்து வச்சுட்டுத்தாண்ணே கையே வைப்பேன்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். அந்தப் பென் டிரைவைப் பார்த்துத்தான் நம்பினேன். மூன்று வருட லைசென்ஸோடு ஆண்டிவைரஸும் சேர்த்து 18,500 ரூபாய், முதலாளியிடம் நான் பேசி வாங்கிக் கொடுத்த பணம்.

சாயங்காலம் டேலியைத் திறந்தால் மார்ச் 31 வரைதான் கணக்கு இருக்கிறது. அவர் எடுத்து வைத்தது ஏதோ பழைய பேக்கப். நண்டு உடைக்கிற பெண்களின் கிலோக் கூலி முழுக்கப் போயிருந்தது. தண்ணீர் பட்டு மை கலைந்த துண்டுச் சீட்டுகளை ஃபேன் காற்றில் காயவைத்து ஐந்து ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.

முப்பதாவது நாள் ஆண்டிவைரஸ் காலாவதி என்றது. அக்கா மகன் வந்து பார்த்தான். மூன்று வருடமும் இல்லை ஒன்றும் இல்லை, இலவச டிரையல். போட்டிருந்த விண்டோஸும் திருட்டு. அந்தத் திருட்டு விண்டோஸை ஓடவைக்கிற டூல் ஆண்டிவைரஸில் மாட்டிவிடக் கூடாதென்று சி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்! அப்புறம் நான் எடுத்து வைத்திருந்த எச்சரிக்கை போட்டோவைப் பார்த்தான். வைரஸ் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற எழுத்தும். அப்படி இருந்தால் இயந்திரம் சந்தேகப்பட்டுச் சொன்னது, தவறாகவும் இருக்கலாமாம். அது பிடித்தது எடை மிஷினிலிருந்து கிலோவை எடுக்கிற எங்கள் சின்ன புரோகிராமை. பழைய சிடியில் இருந்த அதே ஃபைலை, பல ஆண்டிவைரஸில் ஒரே நேரத்தில் சோதிக்கிற வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் போட்டான், எழுபது சொச்சம் ஆண்டிவைரஸில் இரண்டுதான் குறை சொன்னது.

கடைக்குப் போன் போட்டால் "டெக்னீசியன் மதுரை போயிருக்காப்ல". மறுநாள் "ஓனர் இல்லண்ணே". நேரில் போனேன், "கம்ப்யூட்டர்னா அப்படித்தாண்ணே, பில் இருக்கா?" என்கிறார்கள். 18,500 ரூபாய்க்கு அவர்கள் எழுதிக் கொடுத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஆறவில்லை. எச்சரிக்கை வந்தால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வைரஸ் பெயரும் ஃபைல் இருக்கிற இடமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். குவாரண்டைனில், அதாவது ஆண்டிவைரஸ் பிடித்துத் தனியே அடைத்து வைத்த இடத்தில், இருப்பது அங்கேயே இருக்கட்டும், யார் சொன்னாலும் உடனே 'அலவ்' கொடுக்காதீர்கள். கணக்கு ஃபைல்களை வைரஸ்டோட்டலில் ஏற்றாதீர்கள், வெளியாட்கள் கைக்கும் போகும். பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து கடைசித் தேதியைப் பார்க்காமல் ஃபார்மட்டுக்குச் சரி சொல்லாதீர்கள். பில் வாங்குங்கள்.