சிறைக்குள் இக்னோ பட்டப்படிப்பு: சேர்க்கலாமா?

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது நாம் இக்னோ என்று சுருக்கமாகச் சொல்லும் பல்கலைக்கழகம், சிறைவாசிகளுக்கு நடத்தும் பட்டப்படிப்பை ஒரு மத்திய சிறையில் வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்ற முறையில் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். உள்ளே இருக்கும் மகனையோ கணவரையோ இதில் சேர்க்கலாமா என்று மனு பார்க்க, அதாவது சிறைவாசியை நேரில் சந்திக்க, வரும் குடும்பத்தார் கேட்கிறார்கள். தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் வெளியே ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு கடைசிவரை கூடவே நின்றால்தான் இந்தப் படிப்பு நிறைவேறும்.

இதன் அடித்தளம் மிகவும் உறுதியானது. 1985-இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகம் 1994-இல் திகார் சிறையில் கல்வி மையம் திறந்தது; இன்று நாடெங்கும் பல சிறைகளில் அதன் மையங்கள் இயங்குகின்றன. சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வும் சிறை வளாகத்திலேயே நடக்கிறது. கிடைக்கும் பட்டம் வெளியில் படித்தவர் பெறும் அதே பட்டம். மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள்ளும், இரண்டாண்டு முதுகலைப் படிப்பை நான்கு ஆண்டுகளுக்குள்ளும் முடிக்கலாம் என்பது, வழக்கு விசாரணையும் பரோலும் உடல்நலக் குறைவும் குறுக்கிடும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வகுப்பில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

பாடநூல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் இல்லாமலே படிக்கும்படி எழுதப்பட்ட மெல்லிய தொகுதிகள் அவை. ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் சில கேள்விகளைக் கேட்டு, விடை எழுதக் கோடிட்ட இடம் விட்டிருப்பார்கள். வெளியில் படிப்பவர்களில் பலர் அந்தக் கோடுகளை வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். என் மாணவர் ஒருவர் அவற்றில் பென்சிலால் விடை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் நைந்துபோகும் அளவுக்குப் பயன்படுத்தியிருந்தார். மாலையில் லாக்கப் ஆகி அறைக்குள் அடைக்கப்பட்ட பிறகு சந்தேகம் கேட்க யாரும் இல்லாத நேரத்தில் அந்தக் கோடுகள்தாம் அவருக்கு ஆசிரியர்.

பெரிய குறை மொழி. பெரும்பாலான பட்டப்படிப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, பத்து ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தைத் தொடும் ஒருவரிடம் ஆங்கிலத் தொகுதியைக் கொடுத்தால், முதல் பருவத்திலேயே அவர் ஒதுங்கிவிடுகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்வழிப் படிப்பையே நான் பரிந்துரைப்பேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதைவிட எந்த மொழியில் அவரால் நான்கு பக்கம் விடை எழுத முடியும் என்பதைப் பாருங்கள்.

அடுத்தது இணையம். விண்ணப்பம், ஹால் டிக்கெட், தேர்வு முடிவு என எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. கைபேசியே இல்லாத மனிதருக்கு ஓடிபி எங்கே வரும்? சிறை நல அலுவலர் அக்கறையுள்ளவராக இருந்தால் காரியம் நடக்கும். அவருக்கு வேலைப்பளு மிகுந்தால் கடைசித் தேதி கடந்துவிடும். உரிமையாகக் கிடைக்க வேண்டிய கல்வி ஒரு தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பியிருப்பது சரியல்ல.

சிறை மாற்றத்தைப் பற்றி எழுதும்போது இப்போதும் மனம் கொதிக்கிறது. டிசம்பர் தேர்வு நெருங்கிய வேளையில் என் மாணவர் ஒருவர் நிர்வாகக் காரணம் என்று வேறு சிறைக்கு மாற்றப்பட்டார். ஹால் டிக்கெட்டில் இருந்ததோ பழைய மையம். அசைன்மென்ட் அனைத்தையும் கைப்பட எழுதி முடித்திருந்த அவர், தேர்வு எழுதாமல் ஜூன்வரை காத்திருக்க நேர்ந்தது. தேர்வு முடியும்வரை மாற்றத்தை ஒத்திவைப்பது எந்த நிர்வாகத்துக்கும் கடினமான காரியமல்ல.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பேரறிவாளனைச் சுட்டுவேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் சிறை சென்ற அவர், 2012-இல் வேலூர் சிறையிலிருந்து பிளஸ் டூ தேர்வு எழுதி 1200-க்கு 1096 மதிப்பெண் பெற்றார். இக்னோ வழியாகக் கணினிப் பயன்பாட்டியலில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார். 2022 மே 18 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் அவரை விடுவித்த உச்ச நீதிமன்றம், கருத்தில் கொண்ட காரணங்களுள் சிறையில் அவர் பெற்ற கல்வித் தகுதியையும் குறிப்பிட்டது.

சேர்க்க முடிவெடுத்தவர்கள், ஜனவரி அல்லது ஜூலைச் சேர்க்கைக்கு வெகு முன்னதாகவே பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து, நகல்களைச் சிறை நல அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். பதிவு எண்ணை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்டுக்கு என்பதால், அதை ஒப்படைத்ததற்கான ஒப்புகையை ஒவ்வொரு பருவத்திலும் கேட்டு வாங்குங்கள். மனு பார்க்கப் போகும்போது வழக்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், எந்தப் பாடம்வரை வந்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.