குமானோ கோடோ நடை: மொழிபெயர்ப்புச் செயலியா, எழுதிய அட்டையா?

ஜப்பானின் பழைய யாத்திரைப் பாதையான குமானோ கோடோவில் தகிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை ஏறக்குறைய 38 கி.மீ. மலைப்பாதை. வழிப்பலகை, பேருந்து நேரம் படிக்கச் செயலி போதும். ஆஃப்லைன் மொழிக்கோப்பை மட்டும் ஊரிலேயே இறக்கிவிடுங்கள், காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மேலிருந்து கீழாகக் கையால் எழுதிய மெனுவைக் காட்டினால் செயலி உளறும்.

சைவர்களுக்குச் சாப்பாட்டு விஷயத்தில், வேண்டாதவற்றை ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டைதான். 'நிகு' வேண்டாமென்றால் இறைச்சி மட்டும் போகும், மீன் வரும். மீனை விலக்கினாலும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் 'தாஷி' இருக்கும்: பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனில் இறக்கிய சாறு (நம் மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி). மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி, ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் சரிபார்த்து, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முன்பதிவின்போதே விடுதிக்கும் அனுப்புங்கள். உலை இறங்கியபின் நீட்டினால் வெறும் சோறுதான் மிஞ்சும்.