கீழ்முதுகு வலிக்கு ரிஃபார்மர் பிலாட்டீஸா, வீட்டுத் தரையில மூணு பயிற்சியா?

டாக்டர் கோர் மசில (வயிறு, முதுகு, இடுப்பச் சுத்தி இருக்கற தசைகள) வலுப்படுத்துங்கன்னு சொல்லி அனுப்பிடுவாரு, அதுக்கப்புறம் ரிஃபார்மர் பிலாட்டீஸ் ஸ்டூடியோவுக்குப் போறதா வீட்டுலயே பண்றதான்னு நாமதான் முடிவு பண்ணணும். நான் ரெண்டையும் பாத்துட்டு வீட்டுத் தரையத்தான் புடிச்சிருக்கேன், அதனால என் பேச்சு அந்தப் பக்கம் சாயும்.

சிட்-அப் இந்தப் போட்டியிலயே இல்ல. சிங்கப்பூர்ல நம்ம பசங்க ஐபிபிடிக்காக (ராணுவ உடல்தகுதித் தேர்வு) எப்படியும் பண்ணித்தான் ஆகணும், ஆனா முதுகு வலிக்கும்போது அதையே மருந்தா நெனச்சுப் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் முதுகு வளைஞ்சு, முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் மேல அழுத்தம் ஏறுது.

ரிஃபார்மர்ங்கறது ஸ்பிரிங் மாட்டுன, முன்னும் பின்னும் நகர்ற பலகை மேல பிலாட்டீஸ் பயிற்சி பண்ற மெஷின், நல்ல மெஷின்தான். ஸ்பிரிங்க மாத்தி பாரத்தக் கூட்டிக் குறைக்கலாம், இடுப்பு கோணினா பக்கத்துல நிக்கிறவங்க உடனே திருத்துவாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. குரூப் கிளாஸே ஒரு தடவைக்கு 30, 40 வெள்ளி ஆயிடுது. நான் போனது கொஞ்ச நாள்தான், வருசக்கணக்கா போறவங்க வேற மாதிரி சொல்லலாம்.

வீட்டுல நான் பண்றது கனடா வாட்டர்லூ யுனிவர்சிட்டியில பேராசிரியரா இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்குன மூணு: கர்ல்-அப், சைட் பிளாங்க், பேர்ட் டாக். கர்ல்-அப்ல ஒரு முட்டிய மடக்கி, ரெண்டு கையையும் கீழ்முதுகுக்கு அடியில வச்சு, தலையும் தோளும் தரையிலேர்ந்து லேசா எழும்பினா போதும். சைட் பிளாங்க் முதல்ல முட்டி போட்டே பண்ணலாம். பேர்ட் டாக்ல தவழ்ற மாதிரி நின்னு எதிர் எதிர் கையும் காலும் நீட்டணும், இடுப்பு ஆடவே கூடாது. ஒவ்வொண்ணும் 10 செகண்டுக்கு மேல புடிக்க வேணாம், அதுக்குப் பதிலா 6 தடவை, அப்புறம் 4, அப்புறம் 2ன்னு எறங்கு வரிசையில பண்ணணும், சோர்வு ஏறி உடம்பு கோணுறதுக்குள்ள முடிஞ்சிடும். காலையில எழுந்த உடனே குனிஞ்சு வளையாதீங்க, ராத்திரி டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், கொஞ்ச நேரம் நடமாடிட்டு ஆரம்பிங்க.

என்னைய முடிவு பண்ண வச்சது ஒண்ணே ஒண்ணு, விடாம தொடர முடியுமாங்கறது. மருத்துவ ஆய்வுகளச் சேத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2015 ஆய்வுத் தொகுப்பு, பிலாட்டீஸ் மத்த உடற்பயிற்சிய விட மேலுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லுது. அப்படின்னா எது ஒசத்திங்கறத விட எத அடுத்த வருசமும் பண்ணிக்கிட்டு இருப்போம்ங்கறதுதான் கேள்வி, ஏன்னா இந்த மசிலுக்கு வேண்டியது ஒரு நாள் முரட்டு பலம் இல்ல, நாள் முழுக்க அசராம தாங்குற சக்தி, விட்டுட்டா அது கொஞ்சம் கொஞ்சமா போயிடும். வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல நசுங்கி வந்து, புக் பண்ண கிளாஸுக்கு மறுபடி கெளம்பணும்னா எத்தன வாரம் தாங்கும்? எச்டிபி அடுக்குமாடி வீட்டு ஹால்ல சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு பாய் விரிச்சா கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, மழையானாலும் சரி, தீபாவளியானாலும் சரி.

திருத்த ஆள் இல்லங்கறதுதான் வீட்டுல உள்ள குறை. அதுக்கு பாலிகிளினிக் டாக்டர்கிட்ட கேட்டு ஃபிசியோகிட்ட போய் இந்த மூணையும் அவங்க முன்னாடி பண்ணிக் காட்டுங்க, அப்புறம் வீட்டுல தொடருங்க. குழந்தை பெத்து கொஞ்ச நாளே ஆனவங்க, ஆபரேஷன் பண்ணவங்களும் ஃபிசியோவத்தான் முதல்ல பாக்கணும். கால் மரத்துப் போறது, பலம் கொறையறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறதுன்னு எது வந்தாலும் பாயச் சுருட்டி வச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி ஏ அண்ட் ஈக்குப் (அவசர சிகிச்சைப் பிரிவு) போயிடுங்க.