எட்டு ஆண்டுகளாக ட்ரங்க் இணைப்புகளோடு

எங்கள் அலுவலகத்தில் ஊழியர்கள், கணக்குப் பிரிவு, தொலைபேசி, கேமரா, விருந்தினர் வைஃபை என ஐந்து விலேன்கள் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்து உருவாக்கிய தனித்தனிப் பகுதிகள்). மூன்று தளங்களிலும் சுவிட்சுகள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) இருக்கின்றன. நான் பொறுப்பேற்றபோது ஒவ்வொரு விலேனுக்கும் தனித்தனியாகக் கேபிள் இழுத்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் கழற்றிவிட்டு 802.1க்யூ என்ற தரப்படி ட்ரங்காக, அதாவது எல்லா விலேன்களும் ஒரே கேபிளில் போகும் இணைப்பாக மாற்றி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த முடிவில் எனக்கு முழுத் திருப்தி.

சுவிட்ச் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுப் பொட்டலத்திலும்) எந்த விலேன் என்று சொல்லும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகி அனுப்புகிறது; நேட்டிவ் என்று குறித்த ஒரு விலேனுக்கு மட்டும் டேக் கிடையாது. டேக்கில் 12 பிட் விலேன் எண்ணுக்கு. 0, 4095 இரண்டையும் ஒதுக்கிவிட்டால் 4094 விலேன்கள் வரை கிடைக்கும். முன்னுரிமைக்கு 3 பிட் உண்டு. சுவிட்சுகள் அதை மதிக்கும்படி அமைத்த பிறகு, பேக்கப் ஓடும் நேரத்திலும் தொலைபேசியில் குரல் உடைவதில்லை.

பெரிய அடி விழுந்தது இரண்டாம் ஆண்டில். கேமரா விலேனை ட்ரங்கின் அனுமதிப் பட்டியலில் சேர்க்கப் போனேன். எங்கள் சுவிட்சில் ‘சேர்’ என்ற சொல்லையும் கட்டளையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதிய எண் மட்டும் நிற்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். மேல்தளம் மொத்தமும் துண்டிக்கப்பட்டது, சுவிட்சுகளை நிர்வகிக்கத் தனியாக வைத்திருந்த விலேனும் போனதால் என்னாலும் உள்ளே நுழைய முடியவில்லை. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து தொலைவிலிருந்து ட்ரங்கைத் தொடும் முன், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடுவேன். தவறு நடந்தால் சேமித்திருக்கும் பழைய அமைப்போடு எழுந்துவிடும். எல்லாம் சரி என்றால் ரத்து செய்துவிட்டு, அப்புறம்தான் சேமிப்பேன்.

இன்னொரு முறை நேட்டிவ் விலேன் படுத்தியது. பழுதான சுவிட்சை மாற்றியபோது ஒரு முனையில் நேட்டிவ் எண் 10, புதியதில் தயாரிப்பிலேயே வரும் 1. ஊழியர்களின் விலேன்தான் 10. அந்த ஃபிரேம்கள் டேக் இல்லாமல் போய் மறுமுனையில் 1-இல் விழுந்தன. அந்தத் தளத்துக் கணினிகளுக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை. தொலைபேசியும் கேமராவும் நன்றாக ஓடின. பாதி வேலை செய்ததால் ட்ரங்கின் மேல் சந்தேகமே வரவில்லை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை அரை நாள் குடைந்தேன். இப்போது எல்லா ட்ரங்கிலும் யாரும் பயன்படுத்தாத எண் ஒன்றுதான் நேட்டிவ். இரட்டை டேக் போட்டு வேறு விலேனுக்குள் தாவும் தாக்குதலுக்கும் அது தடை. பயனர் போர்ட்டுகள் தானாகவே ட்ரங்காக மாற இடம் தரும் பேச்சுவார்த்தையையும் நிறுத்திவிட்டேன்.

ட்ரங்கின் குறை ஒன்றுதான்: கேபிள் போனால் எல்லா விலேனும் சேர்ந்தே போகும். அதனால் இரண்டு கேபிள்களை எல்ஏசிபி என்ற நெறிமுறை மூலம் ஒரே இணைப்பாகக் கட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு கணினியிலிருந்து ஒரு சர்வருக்குப் போகும் ஒற்றை ஓட்டம் ஒரு கேபிளில்தான் போகும். இரண்டு கிகாபிட் கிடைக்காது. பேக்கப் வளர்ந்துவிட்டதால் சர்வர் இருக்கும் தளத்துக்கு 10 கிகாபிட் ஃபைபர் இழுத்துக்கொண்டிருக்கிறோம். மற்றத் தளங்களுக்கு இப்போதுள்ளதே தாராளம்.