கைப்பட்டையா, நெஞ்சுப்பட்டையா, பாக்கெட்டில் கிடக்கும் போனே போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை சப்பாத்திக்கு மாவு பிசைந்து முடித்தபோது, கையிலிருந்த ஃபிட்னஸ் பேண்டில் இருநூறு சொச்சம் அடிகள் ஏறியிருந்தன. நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அரை மணி நேரம் சுற்றினேன். அதில் பாதிகூடக் கணக்கில் வரவில்லை. கை ஆடினால்தான் அதற்கு நடை.

அடிகளை எண்ண மட்டும் என்றால் பாக்கெட்டில் கிடக்கும் போனே போதும். இடுப்போடு சேர்ந்து அசைவதால் தள்ளுவண்டி அதை ஏமாற்றாது. மேசையில் வைத்துவிட்டு நடந்தால் எண்ணாது, அவ்வளவுதான். அப்புறம், 9,600இல் நின்றுவிட்டதே என்று ராத்திரி மொட்டை மாடியில் சுற்ற வேண்டாம். 10,000 என்ற இலக்கு 1960களில் ஜப்பானில் விற்ற 'மன்போ-கெய்' என்ற கருவியோடு பரவியது. பெயருக்குப் பொருளே பத்தாயிரம் அடி மானி.

நாடித்துடிப்பில்தான் உண்மையான போட்டி. கைப்பட்டை தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் உறிஞ்சியதுபோகத் திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் நம்பலாம். ஸ்கிப்பிங் ஆடினாலோ, எடை தூக்கினாலோ, பட்டை தளர்ந்தாலோ தடுமாறும். நெஞ்சுப்பட்டை ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடிப் பழகுகிறவர்கள் யோசிக்காமல் இதை வாங்கலாம். ஆனால் நனைத்துக் கட்ட வேண்டும், நாள் முழுக்கப் போட்டிருக்க முடியாது.

கலோரி? அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 60 பேரிடம் 7 கைக்கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அந்தக் கருவிகள் பழசாகிவிட்டன, சரி. ஆனால் செலவான கலோரி மணிக்கட்டில் தெரிவதில்லை. வயது, எடை, துடிப்பை வைத்துப் போடும் குத்துமதிப்புதான் இன்றைக்கும். அதை நம்பிக் கூடுதலாக இரண்டு வடை சாப்பிட்டால் பொறுப்பு உங்களுடையது.

தூங்கிய நேரம் ஏறக்குறைய சரியாக வரும். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்பது மூளை அலைகளை அளந்தால்தான் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும் நான் பேண்டை விடவில்லை. காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பைப் பார்ப்பேன், வழக்கமாக 64. போன மாதம் காய்ச்சல் வருவதற்கு முதல் நாளே 73 காட்டியது. மாவு பிசையும்போது மட்டும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.